கோடு போடுவதற்கு முன்னால்

"இந்த ஊர்ல எல்லாமே மேலேருந்துதானே வருது? ஜனங்களக் கேட்டு எந்தப் பூங்கா வந்திருக்கு, அக்கா?" என்று தம்பி ஒருவன் கேட்டான். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் பதில் ஒரு வரியில் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் யாரும் மக்களைக் கேட்கவில்லை. மக்கள்தான் கேட்காமலே போய்ச் சொன்னார்கள். 1986-ல் பறவை பார்க்கப் போன சிலர், தீவின் வடமேற்கில் சுங்கை பூலோ என்ற சதுப்பு நிலத்தில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கண்டார்கள். இறால் குளங்களும் அலையாத்தி மரங்களும் இருந்த இடம் அது. வரைபடத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்போது மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையாக இருந்து, பிறகு சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஆனவர்கள் அந்தப் பறவைகளை எண்ணி, எழுதி, அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 1989-ல் 87 ஹெக்டேர் பூங்காவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் திறந்தார்கள். 2002-ல் அது சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமாகவே ஆனது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்கி முதலையைத் தேடும் இடம், பறவைக்காரர்கள் சிலரின் குறிப்பேட்டில் இருந்து வந்தது.

பிறகு செக் ஜாவா. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் கடல் வற்றும்போது தெரியும் கரை. மண்ணடித்துக் கடலை மேடாக்கும் திட்டம் உறுதியாகி இருந்தது. அது மண்ணுக்குள் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜனங்கள் படகேறிப் போனார்கள். போனவர்கள் நட்சத்திர மீனையும் கடற்புல்லையும் பார்த்துவிட்டு வந்து கடிதம் எழுதினார்கள். 2001 டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கரை இன்னும் இருக்கிறது.

இந்த இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது ரயில் காரிடார், பழைய ரயில் பாதை பசுமைப் பாதையான இடம். அதில் என் குடும்பம் இருக்கிறது.

தஞ்சோங் பகாரில் இருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். சிங்கப்பூருக்குள்ளே ஓடினாலும் மலேசியாவின் மலாயா ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த நிலம். அதனால்தான் சுற்றிலும் கட்டடம் எழுந்தபோதும் அந்த ஒரு பட்டை மட்டும் புல்லும் மரமுமாகவே நின்றது. என் பெரியப்பா அந்த ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் வேலை பார்த்தவர். ஸ்பூனர் ரோட்டு ரயில்வே வீடுகளில் குடியிருந்தவர். சிலிப்பர் கட்டை மாற்றுவது, ஜல்லி இடிப்பது, மழைக்காலத்தில் வாய்க்கால் அடைப்பு எடுப்பது, இதுதான் அவர் வாழ்க்கை. அவர் மாதிரி எத்தனையோ தமிழர்கள். காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்தோடு நிற்கிற முனீஸ்வரன் கோவில், 1932-ல் ரயில்வே தொழிலாளிகள் குயின்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரமாக வைத்துக் கும்பிட்ட சாமிதான்.

2010 மே மாதம் சிங்கப்பூர், மலேசியப் பிரதமர்கள் இரண்டு பேரும் ஒப்பந்தம் அறிவித்தார்கள். ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிடும், நிலம் சிங்கப்பூருக்கு வரும். இவ்வளவு பெரிய நிலம், நகரத்தின் நடுவே. வீடா, சாலையா, கடையா என்று பேச்சு எழுவதற்கு முன்னால், அதே வருடம் அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. இந்த நிலத்தை அறுத்துக் கூறு போடாதீர்கள், தொடர்ச்சியான பசுமைப் பாதையாக விடுங்கள் என்பது அதன் சாரம். 2011 ஜூன் 30 இரவு ஜோகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளில் இருந்து ஜூலை 17 வரை தண்டவாளத்தின் மேல் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று திறந்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு புக்கிட் தீமா பக்கம் நடந்தோம். ஊரே அங்கேதான் இருந்தது. கல்யாண உடையில் படம் எடுக்க வந்த சீன ஜோடிகள், தோளில் பிள்ளையோடு மலாய்க் குடும்பங்கள், கேமராவோடு இளைஞர்கள். எல்லாரும் கறுப்பு இரும்புப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா குனிந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இங்க தண்ணி இந்தப் பக்கம் எறங்கும். அந்தப் பக்கம் மேடு தெரியுது பாரு, ஆனா அதுக்கு அடியில ஊத்து. நவம்பர்ல இங்க ஜல்லி நிக்காது, நாங்க வருசா வருசம் கொட்டுவோம்." ஒவ்வொரு நூறு அடிக்கும் அவரிடம் ஒரு சேதி இருந்தது. எந்த மரம் விழும், எந்த இடத்தில் பாம்பு கடக்கும், எந்த வளைவில் மூடுபனி நிற்கும்.

அதன்பிறகு நடந்ததைக் குறை சொல்ல மாட்டேன். நகர மறுசீரமைப்பு ஆணையம் மக்களைக் கேட்டது. சிந்தனைப் போட்டி வைத்தார்கள், ஆர்வலர்களை வைத்து ஆலோசனைக் குழு அமைத்தார்கள். 2015-ல் ஜப்பானின் நிக்கென் செக்கேய் நிறுவனத்தின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதைக் காட்சிக்கு வைத்துக் கருத்துக் கேட்டார்கள். கேட்டதற்குப் பலன் இருந்தது. எளிமையாக விடுங்கள், காட்டுத்தன்மை போகக் கூடாது என்று மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது பாதையில் தெரிகிறது. நடுப்பகுதியில் நடந்து பாருங்கள், சிமெண்ட் நடைபாதை இல்லை, சரளையும் புல்லும்தான். இரண்டு கறுப்புப் பாலங்களும் நிற்கின்றன. 2021-ல் நடுப்பகுதியும் தெற்குப் பகுதியும் திறந்தன. புக்கிட் தீமா ஸ்டேஷன் 2022 ஜூலை 1 அன்று திறந்தது. தெற்குப் பகுதி போய் முடிகிற இடம் ஸ்பூனர் ரோடு, பெரியப்பா குடியிருந்த அதே ரோடு.

ஆனால் பெரியப்பாவை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். படிவம் ஆங்கிலத்தில், பேச்சு ஆங்கிலத்தில், கேள்வியோ "உங்கள் கனவு என்ன" என்பது போல. அவரிடம் கனவு இல்லை, தகவல் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அவர் போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எங்கேயும் எழுதப்படவில்லை.

அதனால்தான் பூங்காக் கலந்துரையாடல் எங்கே நடந்தாலும் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று நானே கேட்டுப் போக ஆரம்பித்தேன். பல வட்டாரங்களுக்குப் போயிருக்கிறேன். ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம்.

சமூக மன்றத்தின் பலநோக்கு அறை. வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வரைபடம், வண்ண ஒட்டுத்தாள்கள், பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி. பிடித்ததற்குப் பச்சை ஒட்ட வேண்டும், பிடிக்காததற்குச் சிவப்பு. வரைபடத்தில் பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நுழைவாயில் இரண்டு, பார்வை மேடை ஒன்று, விளையாட்டு இடம் ஒன்று. எங்கள் மேசையில் இருந்த பாட்டி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "எல்லாம் போட்டுட்டாங்களே, இனிமே நம்மகிட்ட என்ன கேக்கப் போறாங்க?" அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மேசையை நடத்திய இளம்பெண் நல்லவள், முகம் சிவந்து, இது வரைவுதான், மாற்றலாம் என்றாள். ஆனால் அச்சடித்த கோட்டின் மேல் யார் கை வைப்பார்கள்? படிப்பு குறைந்தவர்களுக்கு அச்சு என்றால் முடிந்துபோன விஷயம்.

விளக்கு பற்றிப் பேச்சு வந்தபோதுதான் மேசை சூடானது. தொடக்கக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், பறவையும் விலங்கும் பார்ப்பவன், பூங்காவுக்குள் விளக்கே கூடாது என்றான். மரநாய் வருகிறது, ஆந்தை இருக்கிறது, எறும்பு தின்னும் அழுங்கின் தடம்கூடப் பார்த்திருக்கிறான், வெளிச்சம் வந்தால் எல்லாம் போய்விடும் என்று குரல் நடுங்கச் சொன்னான். எதிரே ஒரு மலாய் அம்மா, முதியோர் இல்லத்தில் இரவு முறை பார்ப்பவர். அந்தக் காட்டோரம்தான் பஸ் நிறுத்தத்தில் இருந்து வீட்டுக்கு அவருக்குக் குறுக்கு வழி. "பன்னிரண்டு மணிக்கு நான் இருட்டில் நடக்கணுமா? உன் ஆந்தைக்காகவா?" இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு நிறப் புள்ளிகளும் வரைபடத்தின் அதே இடத்தில் விழுந்தன. அன்றைக்குப் புள்ளியை எண்ணி முடிவு செய்திருந்தால் விளக்கு வென்றிருக்கும், பையன் அடுத்த கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டான்.

அந்த இளம்பெண் செய்த ஒரு காரியத்துக்காக அவளை நான் மறக்க மாட்டேன். புள்ளியை எண்ணவில்லை. இன்னொரு நாள் இருட்டிய பிறகு எல்லாரும் அங்கே போய் நடப்போமா என்று கேட்டாள். போனோம். கைவிளக்கோடு அந்த அம்மா முன்னால் நடந்து தன் வழியைக் காட்டினார். காட்டின் ஓரமாகப் போகிற ஒரு சின்னத் துண்டுதான் அது. உள்ளே அவர் ஒருநாளும் போனதில்லை, போக விருப்பமும் இல்லை. பையனுடைய மரநாயும் ஆந்தையும் உள்ளே. வரைபடத்தில் ஒரே இடமாகத் தெரிந்தது தரையில் இரண்டு இடமாக இருந்தது. ஓரத்தில் கணுக்கால் உயரத்தில், கீழ்நோக்கி மட்டும் விழும் மஞ்சள் விளக்கு, உள்ளே முழு இருட்டு என்று அங்கேயே நின்று பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா பையனிடம், "உன் மூசாங்கை எனக்கும் ஒருநாள் காட்டு" என்றார். மரநாயை அவர்கள் மூசாங் என்பார்கள்.

பாட்டியின் கோரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் கேள்வி கழிவறை எங்கே என்பது. வயதானவர்கள் உள்ள எந்த மேசையிலும் முதல் கேள்வி அதுதான். கழிவறை தூரமாக இருந்தால் அவர்கள் வரவே மாட்டார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். இரண்டாவது, பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும். வழவழப்பான நீளப் பலகை பார்க்க அழகு, ஆனால் முழங்கால் போனவர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடி இல்லை. மூன்றாவதாக அவர் கேட்டது எனக்கு எதிர்பாராதது. அங்கே பழைய கம்பத்து, அதாவது கிராமத்து, வீட்டுத் தோட்டத்தின் மிச்சமாக ஒரு கறிவேப்பிலை மரமும் முருங்கையும் நிற்கின்றன. அந்நியத் தாவரம் என்று வெட்டிவிடுவார்களா என்றார். நாட்டு மரங்களை மட்டும் நடுவதற்கு நல்ல காரணம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த மரங்களை நட்டவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதுவும் மிச்சமில்லை.

இனி தம்பியைப் பற்றி. அவன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். புல்வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வெயிலில் வேலை. நாங்கள் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து பேசிய அந்த நிலத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் புல் வெட்டியவன். கூட்டத்தில் பார்வை மேடைக்கு என்று குறித்திருந்த இடத்தை நான் அவனிடம் பிறகு சொன்னபோது சிரித்தான். "அக்கா, அங்க கால வச்சா முழங்கால் வரைக்கும் சேறு. மெஷினோட ஒருத்தன் உள்ள எறங்கிட்டான், கயிறு போட்டு இழுத்தோம். மழ நின்னு ஒரு வாரம் ஆனாலும் காயாது." பெரியப்பா பேசியது போலவே இருந்தது. அவனை இணையப் படிவத்தை நிரப்பச் சொன்னேன். முதல் கேள்வியே அஞ்சல் குறியீடு. விடுதியின் குறியீட்டைப் போட்டதும், நீங்கள் இந்த வட்டாரவாசி இல்லை என்று படிவம் முடிந்துபோனது.

இதுதான் என் மனத்தை அறுக்கிறது. வட்டாரவாசி என்பவர் யார்? வீடு வாங்கியவர் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கத் திடல்களில் போய்ப் பாருங்கள், இந்த நகரத்தின் புல்வெளியை இவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் கிடையாது. உட்கார்ந்து பேச, ஊருக்கு வீடியோ கால் போட, சோற்றுப் பொட்டலம் பிரிக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. முதியவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் பூங்காவுக்குக் கூட்டி வருகிற பணிப்பெண்கள் இந்தோனேசியாவில் இருந்தும் மியன்மாரில் இருந்தும் வந்தவர்கள். சரிவுப்பாதை எங்கே செங்குத்தாக இருக்கிறது என்று அவர்களுடைய தோளுக்குத் தெரியும். கூட்ட அறையில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கூட்டம் வைப்பது வார நாள் மாலை, அப்போது அவர்களுக்கு வேலை.

கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. டோவர் காடு அதற்குச் சாட்சி. கிம் மோவுக்குப் பக்கத்தில், உலு பாண்டான் கால்வாயை ஒட்டி 33 ஹெக்டேர். பழைய கம்பமும் ரப்பர்த் தோட்டமும் கைவிடப்பட்டு, டுரியான் மரங்களோடு தானாக வளர்ந்த காடு. வீடு கட்ட ஒதுக்கப்பட்ட நிலம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சுற்றுச்சூழல் ஆய்வை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது, எதிர்வினை பலமாக வந்ததும் கெடுவை 2021 பிப்ரவரி 1 வரை நீட்டித்தது. வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னான் அங்கே பாடுகிறது. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே தென்கிழக்காசியாவில் அற்றுக்கொண்டு வருகிற பறவை, சிங்கப்பூரில்தான் இன்னும் ஓரளவு இருக்கிறது. 2021 ஜூலையில் முடிவு வந்தது. கிழக்குப் பாதியில் வீடு. மேற்குப் பாதியில் ஏறத்தாழ 5 ஹெக்டேர் இயற்கைப் பூங்கா, மிச்சத்தை இப்போதைக்குத் தொடுவதில்லை, பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம். 2022 நவம்பரில் கிழக்குப் பாதியின் முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தன.

கிழக்குப் பாதிக்காக நான் வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். ஆனால் கல்யாணம் முடித்துவிட்டு மாமியார் வீட்டு ஒற்றை அறையில் வீட்டுக்காகக் காத்திருக்கிற பெண்ணும் சமூகம்தான், என் தங்கை மகள் அப்படிக் காத்திருந்தவள். அந்த முடிவில் நான் மதிப்பது ஒன்று உண்டு. எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று சொன்னார்கள். எந்தப் பாதியில் உயிரினம் அதிகம் என்று ஆய்வில் இருந்ததை வைத்துக் கோட்டைப் போட்டார்கள், அந்த ஆய்வை முன்கூட்டியே எல்லாரும் படிக்க விட்டார்கள். மக்கள் பேசியிருக்காவிட்டால் அந்த 5 ஹெக்டேர் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பதில் சொல்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாட்டி இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "அந்த பெஞ்சு என்னாச்சும்மா?" நான் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. கைப்பிடி வைக்க முடியாது என்று சொன்னாலும் பாட்டி ஏற்றுக்கொள்வார், காரணம் சொன்னால் போதும். ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார், மற்றவர்களையும் போகாதீர்கள் என்பார். அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்குத் தெரிந்தது அதோடு போய்விடும்.

அடுத்த சுற்றுக் கலந்துரையாடலுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான். வெறும் நில வரைபடத்தோடு முதல் கூட்டம் வையுங்கள், பாதையோ மேடையோ போடாமல். அறைக்குள் பேசுவதற்கு முன்னால் நிலத்தில் நடங்கள், ஒருமுறை பகலில், ஒருமுறை இரவில், ஒருமுறை மழை பெய்த மறுநாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வையுங்கள், அதற்கு அஞ்சல் குறியீடு கேட்காதீர்கள். புல் வெட்டுகிறவர்களை அந்த நேரத்துக்குச் சம்பளத்தோடு வரச் சொல்லுங்கள். நான்கு மொழியிலும் பேச ஆள் வையுங்கள், நாங்கள் இலவசமாக வருகிறோம். சொன்னதற்கெல்லாம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அறிவிப்புப் பலகையில், இணையத்தில் மட்டுமல்ல, பதில் ஒட்டுங்கள்.

இரவு நடைக்கு மட்டும் இப்போது சம்மதம் வந்திருக்கிறது. தேதி முடிவானதும் எழுதுகிறேன். தமிழோ மலாயோ மாண்டரினோ பேசத் தெரிந்தவர்கள் வந்தால் ஆளுக்கு நான்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், அதைப் பையனே எல்லாருக்கும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். தம்பி அன்றைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறான். சேறு எங்கே என்று அவன்தான் முன்னால் போய்க் காட்டப் போகிறான்.